ஃபேட் டயர் சைக்கிளை வீட்டிலேயே மின்சார சைக்கிளாக மாற்றும் முறை

நான்கு அங்குல அகல டயர் பூட்டிய சைக்கிளை ஓட்டியவர்களுக்கு அதன் சுகமும் தெரியும், பளுவும் தெரியும். சாலையின் மேடு பள்ளங்களை டயரே விழுங்கிவிடும். ஆனால் எதிர்க்காற்றில் ஐந்து கிலோமீட்டர் மிதித்தால் தொடை கடுத்துவிடும். சுகத்தை விடாமல் பளுவை மட்டும் குறைக்க சக்கரத்தின் நடுவிலேயே அமரும் ஒரு சிறிய ஹப் மோட்டார் போதும். ஸ்பேனரும் மல்டிமீட்டரும் பிடிக்கத் தெரிந்த எவரும் இரண்டு விடுமுறை நாட்களில் இந்த வேலையை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். சாதாரண சைக்கிளுக்கு மோட்டார் பூட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: ஃபேட் சைக்கிளில் எல்லாமே அகலம். அந்த அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளாமல் எந்தப் பொருளையும் வாங்கக் கூடாது என்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் வற்புறுத்தப்போகிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் (தொடர்ந்து அரைமணி நேரம் தரக்கூடிய திறன்) 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டும்போது மோட்டாரின் உதவி படிப்படியாகக் குறைந்து நின்றுவிடுவதாகவும் அமைந்த பெடல் சைக்கிள், விதிகள் குறிப்பிடும் சோதனை நிறுவனம் அதை உறுதிசெய்திருந்தால், மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. அதற்குப் பதிவு எண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. 750 வாட், 1,000 வாட் மோட்டார்கள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பூட்டிச் சாலையில் இறக்கினால் அது பதிவில்லாத மோட்டார் வாகனமாகிவிடும். ஆகவே இங்கே சொல்லப்போவது 36 வோல்ட், 250 வாட் வகுப்பைச் சேர்ந்த, உள்ளே பல்சக்கரங்கள் கொண்ட ஹப் மோட்டாரைப் பற்றி மட்டுமே.

அளவெடுத்தல்

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் இரு பிளவுகளுக்கும் இடையே உள்ள உள் அகலத்தை வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டும். சாதாரண சைக்கிளில் முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான முன் போர்க்கில் இது 100 மி.மீ., கியர் சைக்கிளின் பின்பக்கத்தில் 135 மி.மீ. ஃபேட் சைக்கிளில் முன்பக்கம் பெரும்பாலும் 135 மி.மீ.; பின்பக்கம் 170, 175, 190, 197 என்று தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பெடல் அச்சு செல்லும் குழாயின் அகலமும் சாதாரண சைக்கிளில் 68 அல்லது 73 மி.மீ. என்றால் இங்கே 100 மி.மீ. இருக்கும். கடைகளில் '26 அங்குல சைக்கிளுக்கான கிட்' என்று விற்கப்படுவது இந்த எண்கள் எதற்கும் பொருந்தாது. நான் முதன்முறை வாங்கிய முன்சக்கர கிட் 100 மி.மீ. அச்சுடன் வந்தது; ரிம்மோ இரண்டு அங்குல டயருக்கானது. விற்றவரிடம் '26 இன்ச்' என்று மட்டும் சொன்னேன், அவரும் அதை மட்டுமே கேட்டுக்கொண்டார். பெட்டியைத் திருப்பி அனுப்பி, மறுபடி வாங்க மூன்று வாரம் வீணானது.

இந்த அளவுகளிலேயே நமக்குச் சாதகமான ஒரு வழியும் ஒளிந்திருக்கிறது. ஃபேட் சைக்கிளின் முன் போர்க் 135 மி.மீ. என்றால், சாதாரண கியர் சைக்கிளின் பின்சக்கரத்துக்கென்று செய்யப்பட்ட 135 மி.மீ. ஹப் மோட்டார் அதில் உட்காரும். 2005இல் வெளிவந்த சர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி சைக்கிளில் முன்னும் பின்னும் ஒரே 135 மி.மீ. வைத்திருந்தார்கள். பனிக்காட்டில் பின் ஹப் உறைந்துபோனால் முன்சக்கரத்தைக் கழற்றிப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம் என்பது அந்த ஏற்பாட்டின் நோக்கம். அதே ஒற்றுமை நமக்கு வேறு வகையில் பயன்படுகிறது. பின்சக்கர மோட்டாரின் வலப்பக்கம், செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீலை மாட்டும் மரை இருக்கும். முன்னால் பூட்டும்போது அதை வெறுமனே விட்டுவிடலாம். டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகடான ரோட்டர் இரு வகை மோட்டாரிலும் இடப்பக்கமே வருவதால் சுழலும் திசையில் சிக்கல் இல்லை. ஒரு சிறு வேறுபாடு மட்டும் உண்டு. முன் ஹப்பில் ரோட்டர் அமரும் முகம் போர்க்கின் உள்முகத்திலிருந்து சுமார் 10 மி.மீ. தள்ளியும், பின் ஹப்பில் சுமார் 15 மி.மீ. தள்ளியும் இருக்கும். உங்கள் போர்க் எந்த வகை என்பதைப் பழைய சக்கரத்தில் அளந்து பார்த்து, தேவையானால் பிரேக் காலிப்பருக்கோ ரோட்டருக்கோ அடியில் வாஷர் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும்.

மோட்டாரை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்று கேட்டால், போர்க் இரும்பாக இருந்தால் முன்னால் என்பேன். பின்பக்கக் கியர்களைத் தொட வேண்டியதில்லை. பேட்டரியின் எடை நடுவிலும் மோட்டாரின் எடை முன்னிலும் பிரிந்துவிடும். போர்க்கின் அடிப்பகுதி அலுமினிய வார்ப்பாக இருந்தால், குறிப்பாக சஸ்பென்ஷன் போர்க்காக இருந்தால், முன்னால் பூட்டவே கூடாது. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் இரும்பா அலுமினியமா என்பது உடனே தெரிந்துவிடும். அலுமினியம் என்றால், உங்கள் பின்பக்க அகலத்துக்கே செய்யப்பட்ட ஃபேட் ஹப் மோட்டாரைத் தேடி வாங்குவதே சரியான வழி.

மோட்டாரைச் சக்கரத்தில் கோர்த்தல்

உங்கள் அகலத்துக்கேற்ற மோட்டார், ஃபேட் ரிம்மிலேயே கோர்க்கப்பட்டுக் கிடைத்தால் அதை வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் பழைய ரிம்மையே பயன்படுத்தி மோட்டாரைக் கோர்க்க வேண்டும். மோட்டாரின் விளிம்பு வட்டம் சாதாரண ஹப்பைவிட மிகப் பெரியது என்பதால் பழைய போக்ஸ் கம்பிகள் நீளமாகிப் பயனற்றுப்போகும். மோட்டார் விளிம்பின் துளைகளும் பெரியவை, 2 மி.மீ. தடிமனுள்ள 14 கேஜ் கம்பியின் தலை அதில் ஆடும். 13 கேஜ் கம்பிதான் பிடிப்பாக அமரும்.

கம்பியின் நீளத்தைக் கணக்கிட்டே வாங்க வேண்டும். ரிம்மில் கம்பியை இறுக்கும் சிறு நட்டான நிப்பிளின் அடி உட்காரும் வட்டத்தின் ஆரம், மோட்டார் விளிம்புத் துளை வட்டத்தின் ஆரம், விளிம்புக்கும் ரிம் துளைக்கும் இடையே உள்ள பக்கவாட்டுத் தூரம் ஆகிய மூன்றையும் அளந்து, மூன்றின் வர்க்கங்களையும் கூட்டுங்கள். அதிலிருந்து இரு ஆரங்களின் பெருக்கலின் இரு மடங்கைக் கோணத்தின் கொசைனால் பெருக்கிக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, கடைசியில் துளை விட்டத்தில் பாதியைக் கழித்தால் நீளம் வந்துவிடும். 36 துளை ஹப்பில் ஒரு கம்பி இன்னொன்றை ஒருமுறை மட்டும் குறுக்கிடும்படி கோர்த்தால் கோணம் 20 பாகை. எடுத்துக்காட்டாக ரிம் ஆரம் 270, விளிம்பு ஆரம் 65, பக்கவாட்டுத் தூரம் 10 மி.மீ. என்றால் கம்பி நீளம் ஏறக்குறைய 209 மி.மீ. வரும். ஃபேட் ரிம்மில் துளைகள் இரண்டு வரிசையாக இருப்பதால் பக்கவாட்டுத் தூரத்தை ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அளக்காமல், அந்தந்த வரிசையிலிருந்து அளப்பது அவசியம். பின்சக்கர மோட்டாரின் இரு விளிம்புகளும் நடுவிலிருந்து சமதூரத்தில் இருக்கமாட்டா. ஆகவே இரு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

கோர்ப்பதை நீங்களே செய்யலாம். ஆனால் கோட்டம் எடுப்பதை, தெருமுனையில் பல ஆண்டுகளாகச் சக்கரம் கட்டிவரும் சைக்கிள் கடைக்காரரிடம் ஒப்படைப்பதே மேல். கம்பியை விரலால் சுண்டி, எழும் ஓசையிலேயே எது தளர்வு எது இறுக்கம் என்று அவர் சொல்லிவிடுவார். மோட்டாரின் எடை மூன்று கிலோ அளவில் இருக்கும் என்பதையும், சக்கரம் போர்க்கின் நடுவே வர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அச்சைப் பூட்டுதல்

இந்த வேலையில் உயிரோடு தொடர்புடைய இடம் இதுதான். சாதாரண சைக்கிளின் அச்சு வெறுமனே சக்கரத்தைத் தாங்குகிறது. ஹப் மோட்டாரின் அச்சோ, மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் திருப்பும்போது அதே விசையோடு பின்னோக்கித் திரும்ப முயல்கிறது. அதைத் தடுப்பவை 12 மி.மீ. அச்சின் இருபுறமும் தட்டையாகச் சீவப்பட்ட, 10 மி.மீ. இடைவெளியுள்ள இரு முகங்கள் மட்டுமே. மோட்டாரின் முறுக்கு விசை 40 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 12 மி.மீ. நெம்புகோல் தூரத்தில் அது 3,300 நியூட்டன். அதாவது 300 கிலோவுக்கு மேற்பட்ட எடை போர்க் பிளவின் ஓரங்களைப் பிளக்கப் பார்க்கிறது.

முதல்முறை பூட்டியபோது, நட்டு நன்றாக இறுகிவிட்டது என்று நம்பி, அச்சு திரும்பாமல் பிடிக்கும் முறுக்குத் தாங்கி இல்லாமல் ஓட்டினேன். மூன்றாம் நாள் மேம்பாலம் ஏறும்போது 'டக்' என்று ஒரு ஓசை. கைப்பிடி ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது. இறங்கிப் பார்த்தால் அச்சு பிளவுக்குள் ஒரு முழுச் சுற்றுத் திரும்பி, அதன் நுனியிலிருந்து வரும் வயரைத் தன்மேல் சுற்றிக்கொண்டிருந்தது. வயரின் உறை கிழிந்து, உள்ளே செம்புக் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு, மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி அனுப்பும் கன்ட்ரோலரும் போய்விட்டது. சக்கரம் கழன்று விழாமல் தப்பியது அன்று வேகம் குறைவாக இருந்ததால்தான். தயவுசெய்து இந்த இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

முறுக்குத் தாங்கி என்பது 5 அல்லது 6 மி.மீ. தடிமனுள்ள எஃகுத் தகடு. அதன் ஒரு முனையில் அச்சின் தட்டை முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் பிளவும், மறுமுனையில் போர்க் காலோடு இறுக்கும் கிளிப்பும் இருக்கும். இடப்பக்கத்தில் டிஸ்க் பிரேக் இருப்பதால் வலப்பக்கம் பூட்டுவது எளிது. அச்சில் தகட்டை நுழைத்துக் கையால் ஆட்டிப் பாருங்கள். சிறிதும் ஆட்டம் இருக்கக் கூடாது. போர்க் முனையின் வெளிப்புறத்தில், சக்கரம் நழுவாமலிருக்க உதடுபோல ஒரு விளிம்பு எழும்பியிருந்தால், பெரிய வாஷர் அந்த உதட்டின்மேல் ஏறி நிற்கும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பிடிப்பு போர்க்கின் முகத்தில் விழாது. குழிக்குள் தட்டையாக அமரும் சிறிய வாஷரை முதலில் போட்டு, அதன்மேல் மற்றவற்றை அடுக்குங்கள். பிறகு நட்டை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். வயர் வெளிவரும் முனை கீழ்நோக்கி இருக்கட்டும். அங்கிருந்து வயர் ஒரு வளைவாகத் தொங்கி மேலேறினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், மோட்டாருக்குள் புகாது.

பேட்டரி

36 வோல்ட் லித்தியம் அயான் பேட்டரி என்பது 3.6 வோல்ட் செல்கள் பத்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகக் கோர்த்தது. முழுதாக ஏறியபோது 42 வோல்ட், தீர்ந்தபோது 30 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 10 ஆம்பியர் மணி கொள்ளளவு என்றால் மொத்த ஆற்றல் 360 வாட் மணி. என் சைக்கிளில், நானும் ஓரளவு மிதித்துக்கொண்டு போனால், கிலோமீட்டருக்குச் சுமார் 15 வாட் மணி செலவாகிறது. அடிவரை வற்றவிடாமல் 20 கிலோமீட்டர் நிம்மதியாகப் போய்வர முடிகிறது. அதைவிட அதிகம் வேண்டுமென்றால் 15 ஆம்பியர் மணி வாங்குங்கள். மெலிந்த டயருக்குச் சொல்லப்படும் தூரக் கணக்கை ஃபேட் டயருக்கு எதிர்பார்க்காதீர்கள்.

பழைய லேப்டாப் செல்களைச் சேர்த்து வீட்டில் பேட்டரி கட்டும் முறையை நான் பரிந்துரைக்கமாட்டேன். செல்லின் முனையில் சால்டரிங் அயர்ன் வைக்கும் சூடே அதன் உள்ளிருக்கும் மென்படலத்தைக் கெடுக்கப் போதுமானது. அந்தக் கேடு பல மாதங்கள் கழித்துத் தீயாக வெளிப்படக்கூடும். ஸ்பாட் வெல்டிங் செய்து, பி.எம்.எஸ். என்னும் காப்புப் பலகையுடன், கெட்டியான பெட்டியில் அடைத்து விற்கப்படுவதையே வாங்குங்கள். கன்ட்ரோலர் அதிகபட்சம் 15 ஆம்பியர் இழுக்கும் என்றால், பி.எம்.எஸ். தொடர்ந்து 20 ஆம்பியராவது தாங்க வேண்டும். பேட்டரியிலிருந்து வெளிவரும் சிவப்பு வயரில், பேட்டரிக்கு மிக அருகில், 20 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று கட்டாயம்.

பேட்டரியைச் சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேமின்) சாய்வுக் குழாயில், தண்ணீர் பாட்டில் பிடிக்கும் இரு துளைகளில் போல்ட் போட்டு, கூடுதலாக நாடாவாலும் கட்டுங்கள். குரூசர் வகைச் சட்டத்தில் குழாய் வளைந்திருப்பதால் பேட்டரியின் அடித்தகடு அதில் அமராது. முக்கோணப் பையோ பின் கேரியரோதான் வழி. கேரியரில் வைத்தால், சைக்கிளைத் தாங்குகட்டையில் நிறுத்தும்போது சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2 ஆம்பியர் சார்ஜரில் முழுதாக ஏற ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாம் விழித்திருக்கும்போது, படுக்கையறைக்கும் வாசல் வழிக்கும் விலகிய இடத்தில் சார்ஜ் போடுங்கள். வெயிலில் நின்றுவிட்டு வந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடாமல் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சில வாரங்கள் ஓட்டப்போவதில்லை என்றால் பாதி அளவில் வைத்துவிட்டுப் போங்கள்.

வயர் இணைப்பு

மோட்டாரிலிருந்து மூன்று தடித்த வயர்களும் ஐந்து மெல்லிய வயர்களும் வரும். மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய தடித்தவை மின்னோட்டத்துக்கு. மெல்லியவற்றில் சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் மின்சாரம், மற்ற மூன்றும் மோட்டாரின் சுழல் நிலையைச் சொல்லும் ஹால் உணரிகள். இன்று வரும் பல கிட்களில் இவை அனைத்தும் ஒரே நீர்புகா இணைப்பியில் அடங்கிவிடுகின்றன. அதிலுள்ள அம்புக்குறிகளை நேருக்கு நேர் வைத்து அழுத்தினால் போதும்.

இணைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பல்சக்கர மோட்டாருக்குள் ஒருவழிப் பிடி இருப்பதால் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் மோட்டார் சுழலாது; பின்னோக்கிச் சுற்றினால் மட்டுமே சுழலும். தடித்த வயர்களில் ஏதேனும் இரண்டின் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சுற்றினால் சக்கரம் திக்கித் திக்கித் திரும்புவது கையில் தெரியும். மூன்று ஜோடியிலும் அதே எதிர்ப்பு வந்தால் மோட்டாரின் சுருள் நலமாக இருக்கிறது என்று பொருள்.

பேட்டரி இணைப்பியில் மல்டிமீட்டரை வைத்து எது நேர்முனை, எது எதிர்முனை என்று உறுதிசெய்த பிறகே கன்ட்ரோலரை இணையுங்கள். மாற்றி இணைத்தால் அது அந்த நொடியே எரிந்துவிடும். சரியாக இணைக்கும்போதும் 'பட்' என்று ஒரு சிறு பொறி பறக்கும். கன்ட்ரோலரிலுள்ள கெப்பாசிட்டர்கள் நிரம்புவதே அதற்குக் காரணம், பயப்பட வேண்டாம்.

பெடல் சுழல்வதை உணரும் காந்த வட்டைப் பூட்டுவதற்கு ஃபேட் சைக்கிளில் இடம் குறைவு. இடப்பக்கப் பெடலைத் தாங்கும் கையான கிராங்கைக் கழற்றி, வட்டை அச்சில் நுழைத்து, உணரிக்கும் காந்தத்துக்கும் இடையே 2 முதல் 3 மி.மீ. விட்டு ஒட்டுங்கள். வட்டில் உள்ள அம்புக்குறி முன்னோக்கி மிதிக்கும் திசையைக் காட்ட வேண்டும். மாறிவிட்டால் பின்னோக்கி மிதித்தால்தான் மோட்டார் ஓடும். பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் உள்ள பிரேக் பிடிகளைத் தவிர்க்க வேண்டாம். பெடலைப் பின்னோக்கி அழுத்திப் பிடிக்கும் பிரேக் உள்ள குரூசர்களில் அந்த பிரேக்குக்கு சுவிட்ச் இருக்காது. அவற்றில் கையால் பிடிக்கும் முன் பிரேக் ஒன்றைச் சுவிட்சுடன் சேர்த்தே ஆக வேண்டும்.

அடுத்து, வேகத்தைக் காட்டும் டிஸ்பிளேயில் சக்கரத்தின் சுற்றளவைப் பதிய வேண்டும். 26 அங்குலம் என்று போட்டால் தவறாகிவிடும். இரண்டு அங்குல டயருடன் அந்தச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.05 மீட்டர், நான்கு அங்குல டயருடன் 2.3 மீட்டர். டிஸ்பிளே 25 என்று காட்டும்போது உண்மையில் 28 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். டயரின் வால்வு கீழே வரும் இடத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு சுற்று உருட்டி, மறுபடி வால்வு கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு போட்டு அளந்தால் சரியான எண் கிடைத்துவிடும்.

முதல் ஓட்டம்

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, மோட்டாரின் வேகத்தைக் கூட்டும் கைத்திருகியான திராட்டிலை மெல்லத் திருகுங்கள். சக்கரம் அதிராமல் முன்னோக்கிச் சுழல வேண்டும். சக்கரம் சுழலாமல் மோட்டார் மட்டும் உள்ளே இரைந்தாலோ, சக்கரம் உதறிக்கொண்டு சுழன்றாலோ, தடித்த வயர்களின் வரிசையும் ஹால் வயர்களின் வரிசையும் பொருந்தவில்லை. பல கன்ட்ரோலர்களில் இதைத் தானாகச் சரிசெய்துகொள்வதற்கென்று இரண்டு வெள்ளை வயர்கள் இருக்கும். அவற்றை இணைத்துச் சக்கரத்தைச் சில நொடிகள் ஓடவிட்டு, சரியான திசையில் சுழலத் தொடங்கியதும் பிரித்துவிடுங்கள். சக்கரம் சுழலும்போதே பிரேக் பிடியை லேசாக அழுத்தி, மோட்டார் உடனே நிற்கிறதா என்று இரு பிடியிலும் சோதியுங்கள்.

சாலையில் போகும்போது டயரில் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. காற்று வையுங்கள், காற்று இறங்கிய ஃபேட் டயர் பேட்டரியைக் குடித்துவிடும். கடற்கரை மணலில் ஓட்டத்தான் அகல டயர் என்று நினைத்து இந்த மோட்டாரோடு அங்கே இறங்காதீர்கள். சக்கரம் மெதுவாகச் சுழலும்போது இழுக்கப்படும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது; உள்ளிருக்கும் நைலான் பல்சக்கரங்கள் அந்தச் சூட்டில் இளகித் தேய்ந்துவிடும். மணல் வந்தால் மோட்டாரை அணைத்துவிட்டு மிதியுங்கள், அல்லது இறங்கித் தள்ளுங்கள். செங்குத்தான ஏற்றத்திலும் நின்ற இடத்திலிருந்து திராட்டிலைத் திருகாமல், இரண்டு சுற்று மிதித்துவிட்டுத் திருகுங்கள்.

ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் சைக்கிளை மறுபடி கவிழ்த்து, அச்சு நட்டுகளை டார்க் ரென்ச்சால் அதே அளவுக்கு இறுக்கி, முறுக்குத் தாங்கியின் கிளிப்பைச் சோதித்து, எல்லாப் போக்ஸ் கம்பிகளையும் ஒருமுறை சுண்டிப் பாருங்கள். புதிதாகக் கோர்த்த சக்கரத்தில் கம்பிகள் முதல் நூறு கிலோமீட்டருக்குள் நிச்சயம் சற்றுத் தளரும். அச்சுக்கு அருகே போர்க்கில் பெயின்ட் விரிசல் விட்டிருந்தாலோ, பிளவின் ஓரத்தில் பளபளவென்று புதிய உலோகம் தெரிந்தாலோ, அச்சு அசைந்திருக்கிறது என்று பொருள். காரணத்தைக் கண்டு சரிசெய்யும்வரை அந்தச் சைக்கிளை மோட்டாரில் ஓட்டாதீர்கள்.